கொலொவா, கொலெஸொவா? ஒரு ஸ்லாவியச் சக்கரத்தின் நடுவில் செருகிய ‘எஸ்’

பிராக்வாசி எழுதியது:

வணக்கம் மக்களே. பிராக்கில் ஏழு வருஷமா இருக்கேன். என் செக் மொழி கடைக்குப் போய் வர்ற அளவுக்குத்தான். மகள் இங்கேயே நாலாவது படிக்கிறாள், அவள் ஃபிரெண்ட்ஸோட பேசினா எனக்குப் பாதி புரியாது.

போன ஞாயிறு வல்தவா ஆத்தங்கரையில் நடந்துட்டிருந்தோம். ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம் வச்ச பழைய நீராவிப் படகு ஒண்ணு நின்னுது. பக்கத்துப் பலகையில் ‘கொலெஸொவீ பார்னீக்’னு எழுதியிருந்தது. சக்கர நீராவிக் கப்பல்னு அர்த்தம். மகள் கேட்டாள்: “அப்பா, சக்கரம்னா ‘கொலொ’தானே? நடுவுல ‘எஸ்’ எதுக்கு?”

செக்கில் கொலொன்னா சக்கரம், சைக்கிளுக்கும் அதே சொல்தான். பன்மை ‘கொலா’. எங்கேயும் ‘எஸ்’ கிடையாது. ஆனா ஸ்லோவாக்கியாவில் சக்கரம் ‘கொலெஸொ’. ஸ்லோவேனியா போனப்போ பார்த்தேன், அங்கே ‘கொலொ’தான், ஆனா சைக்கிள் ஓட்டுறவர் ‘கொலெஸார்’.

இந்த ‘எஸ்’ யாரு? எங்கேர்ந்து வந்தது, செக்கில் எங்கே போனது? மகளுக்குப் பதில் சொல்லணும், தெரிஞ்சவங்க கைகொடுங்க.

வோல்காத்தாத்தா எழுதியது:

தம்பி, நான் 1980களில் கார்கிவில் இன்ஜினியரிங் படித்தவன். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழிதான். சக்கரம் ‘கலிஸோ’, பன்மை ‘கலியோஸா’. ரஷ்யனில் ‘எஸ்’ ஒருமையிலேயே குடியேறிவிட்டது, உங்கள் செக் மாதிரி காணாமல் போகவில்லை.

எங்கள் டீச்சரம்மா கரும்பலகையில் ஒரு ஜோடிப் பட்டியல் போடுவார். வானம்: ‘நெபொ’, பன்மை ‘நெபெஸா’. அதிசயம்: ‘ச்சூதொ’, பன்மை ‘ச்சுதெஸா’. இவற்றில் ஒருமையில் ‘எஸ்’ இல்லை, பன்மையில் மட்டும் வரும். ‘ஸ்லோவொ’ என்றால் சொல், பன்மை ‘ஸ்லவா’தான், ஆனால் இலக்கியத்தைக் குறிக்கும் பழைய சொல் ‘ஸ்லவெஸ்னஸ்த்’. ‘தேலொ’ உடம்பு, உடம்பு சம்பந்தப்பட்டது ‘திலெஸ்னி’. ஏன் என்று கேட்டால் “அப்படித்தான், மனப்பாடம் செய்” என்பார். நாற்பது வருடம் கழித்து உங்கள் மகள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். நானும் காத்திருக்கிறேன்.

சுவடிக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் ஒரு எச்சரிக்கை. எழுத்தில் கிடைக்காத, மீட்டெடுத்த வடிவங்களுக்கு முன்னால் உடுக்குறி (நட்சத்திரக் குறி) போடுவது வழக்கம். இந்தத் தளத்தில் உடுக்குறி போட்டால் எழுத்து தடிமனாகிவிடுகிறது. அதனால் ‘மூல ஸ்லாவியம்’ (செக், ரஷ்யன் போன்றவற்றுக்கெல்லாம் தாயான மொழி) என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் மனசுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். உடுக்குறியை இப்படிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் மொழியியலாளர் ஔகுஸ்த் ஷ்லைகர். அவர் 1850களில் பிராக்வாசியின் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

மூல ஸ்லாவியத்தில் சக்கரம் ‘கொலொ’. ரெண்டு ஒகரமும் குறில். தமிழில் ‘நொ’ என்ற ஒரே ஒரு சொல்லைத் தவிர எதுவும் ஒகரக் குறிலில் முடியாது, எனவே வாய்க்குக் கொஞ்சம் சிரமம்தான். அஃறிணை மாதிரி மூன்றாம் பால் பெயர்ச்சொல். வேற்றுமை ஏற்கும்போது இப்படி:

ஒருமை. முதல், இரண்டு, விளி மூன்றுக்கும் கொலொ. ஆறாம் வேற்றுமை கொலெஸெ. நான்காம் வேற்றுமை கொலெஸி. ஏழும் கொலெஸெதான். மூன்றாம் வேற்றுமை கொலெஸிமி.

இருமை (ஆமாம், ஸ்லாவியத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமையும் உண்டு). கொலெஸே, கொலெஸூ, கொலெஸிமா.

பன்மை. முதலும் இரண்டும் கொலெஸா. ஆறு கொலெஸு. நான்கு கொலெஸிமு. ஏழு கொலெஸிஹு. மூன்றாம் வேற்றுமைப் பன்மையின் கடைசி உயிர் இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் நிற்பது, தமிழில் எழுத வழியில்லை, விட்டுவிடுகிறேன்.

‘கொலெஸிமு’ போன்றவற்றில் வரும் இகர உகரங்கள் முழு ஒலி அல்ல. நம்முடைய குற்றியலிகரம், குற்றியலுகரம் மாதிரி மாத்திரை குறைந்தவை. பிற்காலத்தில் பாதி உதிர்ந்தன, பாதி வேறு உயிராக வளர்ந்தன. சொல்லின் கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஒன்று விட்டு ஒன்று உதிரும் என்ற விதியைக் கண்டுபிடித்தவர் ஹாவ்லீக், செக்காரர்.

இப்போது ‘எஸ்’. தமிழ்க் கண்ணுக்கு இது சாரியை மாதிரித் தெரியும். மரம், மரத்தை. நடுவில் அத்து. ஆனால் இங்கே கதை தலைகீழ். ‘எஸ்’ செருகியது அல்ல, சொல்லின் உடம்பிலேயே இருந்தது. முதல் வேற்றுமையில் மட்டும் கடைசி மெய் உதிர்ந்துபோனது. ஸ்லாவியம், சமஸ்கிருதம், கிரேக்கம் எல்லாவற்றுக்கும் பொதுத் தாயான இந்தோ ஐரோப்பிய மூலத்தில் வானத்துக்கு ‘நெபொஸ்’ போன்ற சொல். வேற்றுமை ஏற்றால் ‘நெபெஸ்-’. ஸ்லாவியத்தில் சொல்லிறுதி மெய்யெல்லாம் உதிர்ந்தபோது நெபொ என்று நின்றது. உருபு பின்னால் வந்த இடங்களில் ‘ஸ்’ இறுதியில் இல்லை, எனவே தப்பித்தது.

இந்த வகைச் சொற்கள் உங்கள் வாயில் தினமும் இருக்கின்றன. மனசு, வயசு, தபசு, சிரசு. நாலும் சமஸ்கிருதத்தில் இதே ‘ஸ்’ வகுப்பு. நாம் கடன் வாங்கும்போது ரெண்டு விதமாக வாங்கினோம், மனசும் மனமும், தபசும் தவமும், சிரசும் சிரமும். ஒன்றில் ‘ஸ்’ இருக்கிறது, ஒன்றில் இல்லை. ரஷ்யன் கலிஸோ ‘மனசு’ வழி, செக் கொலொ ‘மனம்’ வழி என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

பிராக்வாசி எழுதியது:

ஐயா, மனசு-மனம் கதை மகளுக்கு உடனே பிடிச்சுப் போச்சு. ஆனா ஒரு சந்தேகம். செக்கில் அப்புறம் ஏன் கப்பல்ல மட்டும் ‘எஸ்’ ஒட்டிக்கிட்டிருக்கு?

சுவடிக்காரர் எழுதியது:

செக்கில் சாதாரண சக்கரம் முழுக்க கொலொவின் ஒழுங்குக்கு மாறிவிட்டது. துடுப்புச் சக்கரத்துக்கு மட்டும் ‘கொலெஸொ’ என்ற வடிவம் தனிப் பொருளோடு தங்கியது. பொருள் விலகிய சொல்லைத் திருத்த யாரும் வருவதில்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

கால்வல்நெடுந்தேர் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதை யாரும் சொல்லவில்லையே? தமிழில் சக்கரத்துக்குப் பெயர் ‘கால்’. என் புனைபெயரைப் பாருங்கள்.

“கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து”

வலிய கால்களை உடைய தேர். கால் என்றால் சக்கரம். க-ல். கொலொ, க-ல். ரெண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ச் சான்று இருக்க, ஸ்லாவியர்களின் ஆயிரம் வருடத்துச் சர்ச் ஏடுகளை வைத்துக்கொண்டு உடுக்குறி போட்டு மீட்டெடுப்பது எதற்கு? வேரே இங்கே இருக்கிறது.

வோல்காத்தாத்தா எழுதியது:

வந்துவிட்டார் :)

சுவடிக்காரர் எழுதியது:

கால்வல், குறள் மேற்கோள் மிகப் பொருத்தம், அதில் சண்டையில்லை. ‘கால்’ சக்கரம் என்பது உண்மை. ஆனால் அது சக்கரமானது எப்படி? வண்டி நிற்கும் கால். கட்டில் கால், பந்தல் கால் போல. மலையாளத்தில் கால், கன்னடத்திலும் தெலுங்கிலும் காலு, எல்லாம் உடம்பின் கால்தான். சக்கரம் என்பது பிறகு கிளைத்த பொருள். கொலொவின் வேரோ ‘சுழல், திரும்பு’ என்ற வினை. உடம்பின் காலோடு அதற்குத் தொடர்பே இல்லை.

இன்னொன்று, அந்தக் ககரம். இன்றைக்குக் ‘க்’ என்று கேட்பது மூலத்தில் உதடு குவித்துச் சொன்ன ‘க்வ்’. ஆதாரம் உறவுக்காரர்களிடம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்வேஓல்’, அதாவது இன்றைய வீல். கிரேக்கத்தில் அதே வேர் ‘கூக்லொஸ்’ என்ற வட்டத்தில் ககரமாகவும், ‘பொலொஸ்’ என்ற அச்சில் பகரமாகவும் நிற்கிறது. ஒரே மெய் ஒரு மொழியில் ‘ஹ்வ்’, இன்னொன்றில் இடத்துக்கு ஏற்ப க, ப என்றால், அது வெறும் ககரமாக இருந்திருக்க முடியாது. தமிழ்க் காலில் அந்த உதட்டுக் குவிப்புக்குச் சுவடே இல்லை. உயிரும் நெடில். ஒன்றிரண்டு மெய் ஒத்துப்போவதை வைத்து உறவு சொன்னால், உலகத்தில் எந்த ரெண்டு மொழிக்கும் கல்யாணம் பண்ணி வைக்கலாம்.

சொந்தமே வேண்டும் என்றால் வேறு வழியாக இருக்கிறது. அந்தச் சுழல் வேரை இரட்டித்த வடிவம் ‘க்வெக்வ்லொ-’. சமஸ்கிருதத்தில் சக்ரம், அதிலிருந்து நம் சக்கரம். கிரேக்கத்தில் கூக்லொஸ், அதிலிருந்து லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம் சைக்கிள். ‘சைக்கிள் சக்கரம்’ என்று சொல்லும்போது ஒரே சொல்லை ரெண்டு தடவை சொல்கிறோம். ரெண்டுமே கடன்.

பனங்கூடல் எழுதியது:

நான் சுவிசில இருக்கிறன். எங்கட வேலையிடத்தில சேர்பியாக்காரர் கனபேர். அவையளிட்ட ‘கொலா’ எண்டால் கார். காருக்குப் பன்மைச் சொல்லுத்தான், ஒருமையே இல்லை. ஒரு கார் எண்டாலும் கொலாதான். ‘கொலொ’ எண்டால் கைகோத்து வட்டமாய் ஆடுற ஆட்டம், கலியாண வீட்டில எல்லாரும் எழும்பி ஆடுவினம். 2017இல யுனெஸ்கோ பட்டியலிலயும் சேர்த்தவை. ஃபுட்போல் லீக்கில ஒவ்வொரு சுற்றுக்கும் கொலொ எண்டுதான் சொல்லுவினம். ஆனால் கார்ச் சக்கரத்துக்கு ‘தொச்சாக்’ எண்டு வேற சொல்லு வைச்சிருக்கினம். சக்கரம் எண்ட சொல்லு சக்கரத்தைத் தவிர மற்ற எல்லாத்துக்கும் போட்டுது.

ஒரு கலியாணத்தில என்னையும் இழுத்து ஆட விட்டவை. வலப்பக்கம் எத்தினை அடி, இடப்பக்கம் எத்தினை அடி எண்டு பிடிபடாமல் பக்கத்தில நிண்ட அம்மாவின்ர காலை ரெண்டு தரம் மிதிச்சுப் போட்டன். கால்வல் அண்ணை, கால் எண்டதும் கொலொ எண்டதும் அண்டைக்குத்தான் ஒண்டாச் சேர்ந்தது.

கால்வல்நெடுந்தேர் எழுதியது:

:) மிதித்தது தமிழ்க் கால்தானே. விடமாட்டேன்.

இலக்கணப்பித்து எழுதியது:

சுவடிக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நான் மொழியியல் எம்.ஏ. முதலாண்டு. நெபொ, ஸ்லொவொ ரெண்டுக்கும் அண்ணன் தம்பிகள் தெளிவா இருக்காங்க. நெபொவுக்கு சமஸ்கிருத நபஸ், கிரேக்க நெஃபொஸ். ஸ்லொவொவுக்கு சமஸ்கிருத ஷ்ரவஸ், கிரேக்க க்லெஒஸ். எல்லாமே ‘ஸ்’ வகுப்பு, எல்லாத்துக்கும் முதல் அசையில் மூல எகரம். கொலொவுக்கு மட்டும் முதல் அசையில் ஒகரம். ‘ஸ்’ வகுப்பில் எகரம்தானே வரணும்? கொலொ உண்மையிலேயே அந்த வகுப்பா, இல்லை பின்னாடி வந்து சேர்ந்ததா?

சுவடிக்காரர் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேலே பட்டியல் போட்டபோது வேண்டுமென்றே இதைத் தொடவில்லை.

என் கருத்து: கொலொ பிறவியில் ‘ஸ்’ வகுப்பு அல்ல. வந்தேறி. மேலே “‘எஸ்’ சொல்லின் உடம்பிலேயே இருந்தது” என்று நான் எழுதியது நெபொவுக்குச் சரி, கொலொவுக்கு அல்ல.

முதல் சாட்சி அந்த ஒகரம். ககரத்துக்குப் பின்னால் எகரம் இகரம் வந்தால் ஸ்லாவியத்தில் ககரம் சகரமாகும். புதுசாக ஒன்றும் இல்லை, நம் வீட்டிலேயே நடந்தது. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. அங்கே கிறு, இங்கே சிறு. பின்னால் வந்த உயிர் நாக்கை முன்னால் இழுத்ததால் ககரம் சகரமானது. சமஸ்கிருத சக்ரத்திலும் அதே. முதல் ‘க்வ்’வுக்குப் பின்னால் எகரம் இருந்தது, சகரமானது. இரண்டாவதற்குப் பின்னால் மெய் வந்தது, ககரமாகவே நின்றது. அதன் பிறகு சமஸ்கிருதத்தில் எகரமே அகரமாகிவிட்டது. குற்றவாளி ஓடிவிட்டான், கைரேகை மட்டும் ‘ச’வில் இருக்கிறது. 1870களில் இதைக் கண்டுபிடித்தபோதுதான், மூல மொழியின் உயிர்கள் சமஸ்கிருதம் மாதிரி அ-மயமானவை என்ற நம்பிக்கை உடைந்தது.

இப்போது திரும்ப வாருங்கள். நெபொ மாதிரி எகரத்தோடு ‘க்வெலொஸ்’ என்று இருந்திருந்தால், ஸ்லாவியத்தில் ‘ச்செலொ’ என்று வந்திருக்க வேண்டும். வோல்காத்தாத்தா சொன்ன ‘ச்சூதொ’ பிறவி ‘ஸ்’ வகுப்பு. அதன் வேரில் எகரம் இருந்ததால்தான் முதல் எழுத்து ‘ச்’. கொலொவின் ககரம் அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் தொடக்கத்திலிருந்தே ஒகரம்தான். அதாவது ‘க்வொலொம்’ மாதிரி எளிய ஒகர ஈற்றுச் சொல்.

(பிராக்வாசி, செக்கில் ‘ச்செலொ’ என்றே ஒரு சொல் உண்டு என்று மகள் சொல்வாள். நெற்றி. அது ‘உயர்’ என்ற வேறு வேர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இரண்டாம் சாட்சியைக் கொண்டுவந்தது பனங்கூடல், அவருக்கே தெரியாமல். அந்தச் சேர்பியக் கொலா. பன்மையில் மட்டும் வரும், வண்டி என்று பொருள். பல்கேரியனிலும் கொலா என்றால் கார். பழைய சர்ச் ஸ்லாவோனிக்கிலேயே (ஸ்லாவியத்தின் மிகப் பழைய எழுத்து மொழி) கொலா என்றால் வண்டி. ஒரு சொல்லுக்கு ரெண்டு பன்மை இருந்திருக்கிறது. ‘கொலெஸா’ என்றால் சக்கரங்கள், ‘கொலா’ என்றால் சக்கரங்களின் மேல் போவது. கப்பலைப் பற்றிச் சொன்னதை நினைவுபடுத்துகிறேன், பொருள் விலகிய சொல்லைத் திருத்த யாரும் வருவதில்லை. கொலொ ‘ஸ்’ வகுப்புக்குக் குடிபோனபோது பன்மையும் ‘கொலெஸா’ ஆனது. வண்டி என்ற பொருளில் இருந்த பழைய பன்மை மட்டும் பின்தங்கியது. சக்கரங்கள் என்ற பன்மையே வண்டியாவது ஸ்லாவியத்தின் தனிப்பழக்கமும் அல்ல. லிதுவேனியனில் ‘ராதஸ்’ சக்கரம், பன்மை ‘ராதை’ வண்டி. நம் ரதத்தின் உறவு அது.

ஏன் குடிபோனது? ‘ஸ்’ வகுப்பின் முதல் வேற்றுமை ஒகரத்தில் முடியும், சாதாரணச் சொற்களும் ஒகரத்தில் முடியும். வாசல் ஒன்றே என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மரம் என்ற ‘தெர்வொ’வும் பிறவியில் ‘ஸ்’ அல்ல, அதுவும் உள்ளே வந்தது. கண், காது வந்தன. ஸ்லோவேனியனில் இன்றைக்கும் ட்ரெவொ-ட்ரெவெஸா, ஒகொ-ஒச்செஸா, உஹொ-உஷெஸா, கொலொ-கொலெஸா என்று குடும்பமாக இருக்கிறார்கள். மற்ற இடங்களில் அதே வாசல் வழியாக வெளியேறிவிட்டார்கள், பிறவியிலேயே உள்ளே இருந்த ஸ்லொவொவையும் கூட்டிக்கொண்டு.

இலக்கணப்பித்து எழுதியது:

அருமை ஐயா. ஆனா ரெண்டு இடத்தில் இடிக்குது.

ஒண்ணு. //தொடக்கத்திலிருந்தே ஒகரம்தான்// பழைய பிரஷ்யனில் சக்கரம் ‘கெலன்’. மாவரைக்கும் ஆலைச் சக்கரம் ‘மலூனகெலன்’. எல்பிங் சொற்பட்டியல்னு 1400 வாக்கில் பிரதி எடுத்த, எண்ணூறு சொல் உள்ள ஜெர்மன்-பிரஷ்யன் பட்டியலில் இருக்கு. ஸ்லாவியத்துக்கு ரொம்ப நெருக்கமான பால்டிக் மொழியிலேயே எகரம்! பழைய நார்ஸ் ‘ஹ்வெல்’லும் அப்படித்தான். கிரேக்கத்தில் ‘தெலொஸ்’ இருக்கு, முடிவுன்னு பொருள், அசல் ‘ஸ்’ வகுப்பு. அதையும் இதே சுழல் வேரில் சேர்க்கிறவங்க உண்டு. அப்போ ‘க்வெலொஸ்’ ஒண்ணு இருந்து, ஸ்லாவியம் ஒகரத்தை வேறெங்கிருந்தோ எடுத்துக்கிச்சுன்னும் சொல்லலாமே?

ரெண்டு. ‘க்வொலொம்’னு வச்சா சொல்லிறுதியில் ‘ஒம்’. ஸ்லாவியத்தில் இறுதி ‘ஒம்’ குற்றியலுகரம் மாதிரி ஆகணுமே, ஒகரமா எப்படி நின்னுது?

சுவடிக்காரர் எழுதியது:

ரெண்டுமே உண்மையான இடிதான்.

முதலாவது. கெலன் ‘ஸ்’ வகுப்பு அல்ல, சாதாரண மூன்றாம் பால் சொல். அதனால் அது என் பக்கம் பாதி, உன் பக்கம் பாதி. எகரத்தில் உனக்கு, ஈற்றில் எனக்கு. தெலொஸின் பொருள் ரொம்ப விலகியிருக்கிறது. அதை வைத்து ஸ்லாவியச் சக்கரத்தை ‘ஸ்’ வகுப்பில் பிறக்க வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உனக்கு இருந்தால் தடுக்கமாட்டேன், அந்தப் பக்கமும் ஆள் உண்டு.

இரண்டாவதுதான் பெரிய தலைவலி, கொலொவுக்கு மட்டுமல்ல, அந்த வகுப்புக்கே. நுகம் என்ற ‘யுகொம்’ ஸ்லாவியத்தில் ‘இகொ’ ஆனது. ஒழுங்காகப் பார்த்தால் கடைசியில் குறுகிய உகரம் வந்திருக்க வேண்டும். ஒரு விளக்கம், ‘அது’ என்ற சுட்டுப்பெயர் ‘தொ’ ஒகரத்தில் முடிந்ததால், அதன் பக்கத்தில் நிற்கும் பெயரெல்லாம் அதன் ஈற்றைப் பிடித்துக்கொண்டன. இன்னொன்று, நெபொ போன்ற ‘ஸ்’ சொற்களைப் பார்த்து மற்றவை ஒகரம் பூண்டன. ஆனால் நெபொவிலேயே ‘ஒஸ்’ எப்படி ஒகரமாக நின்றது, ஓநாய் என்ற ஆண்பால் சொல்லில் அதே ‘ஒஸ்’ ஏன் குறுகிய உகரமானது என்று அடுத்த கேள்வி வரும். நூறு வருடத்துக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சுட்டுப்பெயர் விளக்கம் பிடிக்கும். பிடிக்கும் என்பது நிரூபணம் இல்லை.

இலக்கணப்பித்து எழுதியது:

ஐயா, இன்னும் ஒரே ஒண்ணு. வண்டிங்கிற ‘கொலா’ பழசுன்னு எப்படி உறுதியா சொல்றீங்க? செக்கில் இன்னைக்குச் சக்கரங்கள் ‘கொலா’ன்னு ஆனது ‘எஸ்’ உதிர்ந்த பிறகு வந்த புதுசுதானே. அந்த வண்டியும் அப்படி வந்திருக்கலாமே?

சுவடிக்காரர் எழுதியது:

சர்ச் ஸ்லாவோனிக் ஏடுகளில் ‘ஸ்’ வகுப்பு நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. உதிரத் தொடங்காத காலத்திலேயே வண்டி ‘கொலா’. அதுதான் வித்தியாசம். செக்கின் ‘கொலா’ அதற்குப் பல நூற்றாண்டு பிந்தையது, உருவம் ஒன்றானது தற்செயல். ‘எஸ்’ஸோடு வந்த இடமும் பக்கத்திலேயே உண்டு. சங்கீதப் புத்தகத்தில் (ஸ்லாவிய எண்ணில் 76, தமிழ் பைபிளில் 77) உன் இடியின் முழக்கம் ‘வ் கொலெஸி’, சக்கரத்தில், என்று சர்ச் ஸ்லாவோனிக் சொல்கிறது. எபிரேயத்தில் ‘கல்கல்’ என்ற சொல்லுக்குச் சக்கரம், சுழல்காற்று ரெண்டு பொருளும் உண்டு. கிரேக்கர்கள் சக்கரம் என்று எடுத்தார்கள், ஸ்லாவியர்கள் கிரேக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். அந்த ‘கொலெஸி’யின் ஈற்று இகரம்கூடப் பிந்தைய மாற்றம்தான். மேலே நான் போட்ட பழைய ஏழாம் வேற்றுமை ‘கொலெஸெ’.

வோல்காத்தாத்தா எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். ரஷ்யனில் ‘ஓகலா’ என்றால் பக்கத்தில், சுற்றி. போலிஷில் ‘கொவொ’, அதே பொருள். மோதிரம் ‘கல்ட்ஸோ’. எல்லாம் இந்தச் சக்கரத்தின் பிள்ளைகள்தானே? ‘கலாச்’ என்ற வட்ட ரொட்டியும்? விடுதிக்கு எதிரில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது, குளிர்காலத்தில் சூடாகக் கையில் வாங்கினால் கையுறையே வேண்டாம்.

சுவடிக்காரர் எழுதியது:

எல்லாமே பிள்ளைகள்தான். கலாச்சும் செக்கின் கொலாச்சும் ஒன்று. ஹங்கேரிக்காரர்கள் கடன் வாங்கி ‘கலாச்’ என்றார்கள், டெக்சாஸ் போன செக்காரர்கள் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். தண்டவாளம் என்ற செக் ‘கொலெய்’யும் இதே வேர். ஆனால் பிராக்கில் மாணவர் விடுதிக்கும் ‘கொலெய்’ என்பார்கள். அது லத்தீன் கொலேஜியும், வேறு ஆள்.

நூல் நூற்கும் ராட்டைக்குச் செக்கில் ‘கொலொவ்ராத்’, சக்கரம் சுற்றுவது. காந்தியின் சர்க்கா பாரசீக ‘சர்க்’ வழி வந்தது, அது சமஸ்கிருத சக்ரத்தின் ஈரானியத் தம்பி. ஆக ராட்டையிலும் ரெண்டு ஊரும் ஒரே வேரைத்தான் சுற்றியிருக்கின்றன.

கால்வல்நெடுந்தேர் எழுதியது:

சரி, வேர் விஷயத்தில் நான் கொஞ்சம் பின்வாங்குகிறேன். ஆனால் சக்கரமே ஸ்லாவியர்கள் கண்டுபிடித்தது போலப் பேசாதீர்கள். ஸ்லோவேனியாவின் லூப்லியானா சதுப்பில் உலகத்தின் மிகப் பழைய மரச் சக்கரம் கிடைத்தது என்று அவர்கள் பெருமையடிக்கிறார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

யாரும் அப்படிச் சொல்லவில்லை, கால்வல். அந்தச் சக்கரம் 2002இல் கிடைத்தது, சுமார் 5,150 வருடம் பழசு, சக்கரம் ஆஷ் (ash) மரம், அச்சு கருவாலி (ஓக்). ஸ்லாவியர்கள் அந்தப் பக்கம் வந்தது கி.பி. ஆறாம் நூற்றாண்டில். செய்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று மரத்தில் எழுதி வைக்கவில்லை. மேலே ‘உலகின் முதல் மொழி’ என்று தொடங்கிய நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், அவை உங்களுடையவை அல்ல. தலைப்பை விட்டுப் போகாமல் தொடருங்கள்.

பனங்கூடல் எழுதியது:

சுவடிக்காரர் அண்ணை, நேற்று வேலையிடத்தில சேர்பியப் பொடியனிட்டக் கேட்டன், கொலா ஏன் பன்மை எண்டு. அவன் யோசிச்சுப் போட்டு “நாலு சில்லு இருக்கெல்லோ” எண்டான். ஆயிரம் வரிசத்துக்கு முந்தின இலக்கணத்தை ஒரு வசனத்தில முடிச்சுப் போட்டான்.

பிராக்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மகளுக்குச் சுருக்கமாச் சொன்னேன்: ‘எஸ்’ விருந்தாளியா வந்தது, செக் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கப்பல்ல ஒரு செருப்பை மறந்து வச்சுட்டுப் போயிடுச்சு. ஏத்துக்கிட்டா.

இன்னைக்கு அவளுக்குக் ‘கொலொபிய்யெஷ்கா’ வாங்கப் போனோம், காலால உந்தி ஓட்டுற ஸ்கூட்டர், சக்கர-ஓட்டம்னு அர்த்தம். கடை வாசல்ல பெரிசா ‘கொலா’ன்னு பலகை, சைக்கிள்கள்னு அர்த்தம். மகள் நின்னு பார்த்துட்டு சொன்னா: “அந்தப் பழைய ஆளுங்க யாராவது இப்ப வந்து படிச்சா, வண்டி விக்கிற கடைன்னு நினைச்சுப்பாங்க இல்லப்பா?”

சுவடிக்காரர் எழுதியது:

நினைத்தால் தப்பா? உள்ளே வந்து மாட்டை எங்கே பூட்டுவது என்று மட்டும் கேட்பான்.